கூச்சலை அளக்கும் செவிலி

மலைமேல் கூச்சல் எழும்போது நிக்காசோ கண்ணை மூடிக்கொள்வாள். கையில் பிழிந்தும் பிழியாத துணி சொட்டிக்கொண்டிருக்கும். மாடியில் அப்படியே நிற்பாள். ஏதென்ஸின் ஆண்கள் விடியும் முன்பே மலையேறிச் சபையில் உட்கார்ந்துவிடும் நாட்கள் அவை. தெருவில் பெண்கள் நாங்களும் கழுதைகளும்தான் மிச்சம். பேச்சு கீழே வராது. கூச்சல் மட்டும் மிதந்து வரும், தூக்கத்தில் கேட்கிற கடல் போல. ஒரு கூச்சல், பிறகு அமைதி, பிறகு இன்னொன்று. அவள் கண்ணைத் திறப்பாள்.

“முதல் ஆளுதான்,” என்பாள்.

அவள் வந்த ஸ்பார்ட்டாவில் மூத்தோர் சபைக்கு ஆள் எடுப்பது அப்படித்தான். சிலரை ஓர் அறைக்குள் வைத்து அடைத்துவிடுவார்கள். போட்டியிடுகிறவர்கள் ஒவ்வொருவராகக் கூட்டத்தின் நடுவே நடந்து போவார்கள். யார் நடக்கிறார் என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. எந்த முறை கூச்சல் பெரிதோ அந்த முறை நடந்தவர் ஜெயித்தவர். இங்கே கை தூக்குவார்கள் என்று ஐந்து வருடமாகச் சொல்லியும் அவள் காது பழக்கத்தை விடவில்லை. ஒருமுறை கூச்சலின் அளவை வைத்துக் கப்பல்கள் போருக்குப் போவது உறுதி என்று சொல்லிவிட்டாள். அவள் வேலை செய்யும் வீட்டுக்காரர் திசாந்தருக்கு மூட்டை கட்டியாகிவிட்டது. பாலாடைக்கட்டியும் வெங்காயமும் வைத்து, அவர் மனைவி ஹெதீலே அழுதும் முடித்துவிட்டாள். மதியம் திசாந்தர் மலையிறங்கி வந்தார். கப்பல் போகவில்லை. கத்தியவர்கள் தோற்றவர்களாம்.

“தோத்தவன் எதுக்குக் கத்துறான்?” என்று நிக்காசோ கேட்டாள்.

அவர் மூட்டையிலிருந்த வெங்காயத்தை எடுத்து உரித்துத் தின்றார்.

எங்கள் வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அதனால் நிக்காசோவை நான் பார்ப்பதைவிடக் கேட்பது அதிகம். பெரும்பாலும் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது. நாற்பது வயது, நெடிய உடம்பு, வெயிலில் காய்ந்த முகம். நின்றுகொண்டே சாப்பிடுவாள். படியேறும்போதும் யாரோ பக்கத்தில் போட்டிக்கு வருவது போல ஏறுவாள். சண்டை நின்றிருந்த வருடங்களில் எங்கள் ஊர்க்காரர்கள் எதிரி ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்தது செவிலிகளைத்தான். அவர்கள் கையில் வளரும் பிள்ளை இருட்டுக்குப் பயப்படாது, கொடுத்ததைத் தின்னும் என்று பேச்சு. அது உண்மைதான். ஹெதீலேயின் பெண்கள் இருவரும் தேளைக் குச்சியால் நகர்த்திவிட்டு விளையாட்டைத் தொடர்வார்கள்.

நிக்காசோ ஸ்பார்ட்டாவுக்குள் பிறந்தவள் இல்லை, சுற்றியுள்ள மலைக்கிராமம் ஒன்றில் பிறந்தவள். போர் வந்தால் அந்தக் கிராமத்து ஆண்கள் ஈட்டி தூக்கிப் போக வேண்டும். கூட்டத்தில் கத்த மட்டும் அவர்களுக்கு உரிமை இல்லை. அப்படியானால் உங்கள் ஊர் கூச்சலில் உன் வீட்டார் குரலே இல்லையே என்று ஒருநாள் சீண்டினேன்.

“நீ என்னிக்கு மலையேறின?” என்றாள்.

கிணற்றடியில் பெண்கள் இரண்டு ஊரையும் அவளிடம் ஒப்பிடச் சொல்லிக் கேட்பார்கள். அவள் பேச்சின் நீட்டலுக்காகவே பாதிப் பேர் கேட்பார்கள். அவள் வாளியை இறக்கிக்கொண்டே சொல்வாள்: “எங்க ஊர் ஆம்பளைங்க அவங்களுக்குள்ள ஒண்ணா உக்காந்து கஞ்சி குடிப்பாங்க. வீட்டுக்கு வரமாட்டாங்க. அதனால நிலம் நீச்சு பொம்பளை கையில. உங்க ஊர் ஆம்பளைங்க மலையில பேசிட்டு, வீட்டுக்கும் வந்து பேசுறாங்க.” அங்கே இரண்டு ராஜாக்கள், அவர்களைக் கண்காணிக்க ஐந்து பேர், அந்த ஐவரை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள் என்றெல்லாம் கேட்டால் சொல்வாள். எது நல்லது என்று கேட்டால் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

குளிர் முடியும் சமயத்தில் ஹெதீலேக்கு மூன்றாவது பிரசவம். மாதம் நிறையவில்லை. பெண். என் இரண்டு கையில் அடங்கியது, அதிலும் இடம் மிச்சமிருந்தது. நான் வெந்நீர் கொண்டுவருவதற்குள் நிக்காசோ குழந்தையைத் திராட்சைமதுவில் குளிப்பாட்டிவிட்டாள். அவள் ஊர் வழக்கம் அது. பலவீனமான குழந்தை என்றால் வலிப்பு வந்துவிடும் என்பார்கள். மருத்துவச்சி தலையிலடித்துக்கொண்டாள். நிக்காசோ குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உசிரு நிக்கும்,” என்றாள்.

திசாந்தர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். மது வாசனை மூக்கில் ஏறியது. என் வீட்டில் எதிரி ஊர் சோதனையா என்று கேட்டார். பிறகு குழந்தை எவ்வளவு சிறியது என்று பார்த்தார். அதன்பின் நான்கு நாள் அந்த அறைப்பக்கம் வரவில்லை.

இங்கே ஐந்தாம் நாள்தான் கணக்கு. பெற்றவன் சரி என்று சொன்னால், பிரசவம் பார்த்த பெண்களில் ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுப்பைச் சுற்றி ஓடுவாள், பெற்றவனும் வெறுங்காலோடு பின்னால் ஓடுவதுண்டு. அதோடு அது அந்த வீட்டுக் குழந்தை. சொல்லாவிட்டால் குழந்தைக்கு ஒரு மண்பானை, ஊருக்கு வெளியே ஒரு பாதையோரம், அங்கேயே விட்டுவிட்டு வருவார்கள். சபை இல்லை, கை தூக்கல் இல்லை. நான்காம் நாள் சாயங்காலம் ஹெதீலே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி, உங்கள் ஊரில் எப்படி என்று கேட்டாள். நிக்காசோ குழந்தையின் காலை எண்ணெய் தொட்டு நீவிக்கொண்டிருந்தாள். நீவியபடியே சொன்னாள்.

“அங்க அப்பனைக் கேக்கமாட்டாங்க. கிழவனுங்க உக்காந்திருப்பானுங்க. நான் வேலைபார்த்த வீட்டுப் பிள்ளையை நான்தான் தூக்கிட்டுப் போனேன். ஒருத்தன் காலை இழுத்துப் பார்த்தான். வெறுங்கையோட திரும்பினேன்.”

அந்தப் பிள்ளை போன கோடையில்தான் அவள் ஊரைவிட்டுக் கிளம்பினாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

“இங்க?” என்றாள் ஹெதீலே.

“இங்க ஒரே ஆள். ஆத்தாளை ரெண்டு ஊர்லயும் கேக்கல.”

ஐந்தாம் நாள் காலை நாங்கள் கை கழுவி அடுப்பருகே வந்தோம். ஒலிவ விறகு புகைந்துகொண்டிருந்தது. கூரைத் துளை வழியே இறங்கிய வெளிச்சத்தில் புகை நின்று நின்று நடந்தது. திசாந்தர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய அண்ணன் ஆர்க்கியாஸ். கதவோரம் புதுப் பானை ஒன்று, கழுவிய ஈரத்தோடு. யார் கொண்டுவந்து வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆர்க்கியாஸ் பேச ஆரம்பித்தார். மலைமேல் பேசிப் பழகியவர். முதலில் குழந்தையை வைத்துக்கொள்வதற்கான நியாயங்களைச் சொன்னார், நன்றாகவே சொன்னார். பிறகு எதிர்ப்பக்க நியாயங்களுக்கு வந்தார். மூன்றாவது பெண் என்றார். பிழைத்தாலும் எப்படிப் பிழைக்கும் என்றார். அவர் குரல் புகையோடு சுழன்று கூரைக்குப் போய்க்கொண்டிருந்தது. திசாந்தர் தரையைப் பார்த்தபடி, யோசிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

ஹெதீலே உள்ளறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் நெஞ்சிலிருந்து நிக்காசோ குழந்தையை எடுத்தாள். ஆர்க்கியாஸ் எழுந்து பானைப் பக்கம் கையை நீட்டினார். நிக்காசோ மறு கையால் அங்கியை முழங்காலுக்கு மேல் இழுத்து இடுப்பில் செருகினாள். ஓடத் தொடங்கினாள்.

முதல் சுற்றில் ஆர்க்கியாஸின் பேச்சு பாதியில் நின்றது. வீட்டுக்குள் ஓடுகிற ஓட்டமாகவே அது இல்லை. ஆற்றங்கரையில் சிறுமிகள் பந்தயம் ஓடும் ஊரின் ஓட்டம். நீண்ட கால்கள், சத்தமே இல்லாத பாதங்கள். புகைக்குள் மறைந்து மறுபக்கம் வந்தாள். வரும்போதெல்லாம் கொஞ்சம் இளையவளாகத் தெரிந்தாள்.

“யார் சொல்லி ஓடுற?” என்றார் திசாந்தர்.

“யாரும் சொல்லல.”

அண்ணன் அவளைப் பிடித்து நிறுத்தச் சொன்னார். திசாந்தர் கையை உயர்த்தி அண்ணனைத்தான் நிறுத்தினார். இரண்டாவது சுற்று. மூன்றாவது. குழந்தை முதலில் விக்கியது, பிறகு அழுதது. ஹெதீலேயின் உதடு சுற்றுகளை எண்ணியது. மூன்று சுற்றுதான் வழக்கம். நிக்காசோ நிற்கவில்லை. நின்றால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான்காவது, ஐந்தாவது. அவள் கழுத்தில் வியர்வை மின்னியது.

திசாந்தர் குனிந்தார். செருப்பு வாரை அவிழ்த்தார், ஒரு காலில், பிறகு மறுகாலில். எழுந்து, கனத்த உடம்போடு, அவள் பின்னால் ஓட ஆரம்பித்தார்.

நிக்காசோ திரும்பிப் பார்க்கவில்லை. அவர் எட்டிப் பிடிக்கும்படி வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.