தாஜு கிணற்றில் குதித்த கதை

என் தாய்மாமா பட்டாளத்தில் லாரி ஓட்டினார். கதை அளப்பதிலும் கெட்டிக்காரர். விடுப்பில் வீரபாண்டிக்கு வந்தால் கூர்க்காப் படைக்காரர்களின் வீரத்தைப் பற்றித்தான் பேச்சு. பனிமலையில் லாரி உருண்டு அவர் கால் முறிந்து கிடந்தபோது, ஒரு கூர்க்கா சிப்பாய் பகல் முழுக்க அவரை முதுகில் சுமந்தே கீழே கொண்டுவந்து சேர்த்தாராம். மாமாவின் மனைவி, எங்கள் அத்தை, இதை நம்பியதே இல்லை. எங்கள் பக்கம் கூர்க்கா என்றால் பனியன் கம்பெனி கேட்டில் விசிலோடு நிற்கும் காவல்காரர்தான். "ஏனுங்க, அது எந்தக் கம்பெனி கூர்க்காங்க?" என்று கேட்டு மாமாவின் வாயை அடைத்துவிடுவார்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறையில், மாமா அந்தச் சிப்பாயையே கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தாஜு என்று அவரைக் கூப்பிட்டார். அவர்கள் பாஷையில் அண்ணன் என்று அர்த்தமாம். நாங்களும் தாஜு என்றே கூப்பிட்டோம். பீமனை எதிர்பார்த்து வாசலில் நின்ற எனக்குப் பெரிய ஏமாற்றம். மனிதர் அத்தையின் தோள் உயரம்தான் இருந்தார். அப்பா கம்பெனியிலிருந்து எடுத்து வந்த பனியன்களில் பையன்கள் அளவுதான் அவருக்குப் பொருந்தியது. அதையும் போட்டுக்கொண்டு கண் மறையச் சிரித்தார்.

"இவரா உங்க மாமனைத் தூக்கியாந்தாரு? உங்க மாமன்தான் இவரத் தூக்கியாந்திருப்பாரு கண்ணு" என்றார் அத்தை என் காதோடு.

மறுநாள் எல்லோரும் தோட்டத்துக்குப் போனோம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நடக்கக் கற்றதும் அடுத்த வேலை கிணற்றில் குதிப்பதுதான். பட்டாளத்துக்காரர் முன்னால் நானும் வீரன்தான் என்று காட்டிவிட வேண்டுமென்று எனக்கு ஆசை. மோட்டார் ரூம் மேல் ஏறி, "தாஜு, இங்க பாருங்க!" என்று கத்திவிட்டுத் தலைகீழாகப் பாய்ந்தேன். அடிவரைக்கும் முங்கி ஒரு பிடி சேறு எடுத்து வந்து காட்டுவது எங்களுக்குள் பெரிய சாமர்த்தியம். அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதை தாஜுவுக்கு யார் சொன்னார்கள்?

சேற்றோடு நான் மேலே வந்தபோது ஒரே கூச்சல். பக்கத்தில், பூட்ஸ் காலோடு தாஜு தத்தளித்துக்கொண்டிருந்தார். முகம் ஒருமுறை மேலே தெரிந்தது. பிறகு தெரியவில்லை. மாமா குதித்தார், என் அண்ணன் குதித்தான். ஆளுக்கொரு கையைப் பிடித்துப் படிக்கட்டுக்கு இழுத்து வந்து, குப்புறப் போட்டு முதுகை அமுக்கினார்கள். செத்துவிட்டார் என்றே நினைத்தேன். தண்ணீரைக் கக்கிவிட்டு எழுந்தவர் முதல் காரியமாக என்னை இழுத்து என் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். மூச்சு ஓடுகிறது என்று தெரிந்த பிறகுதான் அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை துண்டை நீட்டிக்கொண்டே, "நீச்சல் தெரியாம எதுக்குங்க சாமி குதிச்சீங்க?" என்று கேட்டார். மாமா அதை இந்தியில் கேட்டார். தாஜுவின் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே பதிலைத் தமிழில் சொன்னார்.

"பையன் உள்ள இருக்கானேன்னு குதிச்சுட்டாராம். நீச்சல் தெரியாதுங்கறது தண்ணிக்குள்ள போனப்பறந்தான் நெனப்பு வந்துச்சாம்."

வீடே சிரித்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். தாஜுவும் எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

பெற்றவர்களை விட்டால், எனக்காக உயிரைக் கொடுக்க வந்தவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். எனக்கு உண்மையில் ஆபத்து எதுவும் அங்கே இருக்கவில்லை என்பதால் அந்த நன்றி குறைந்துவிடுமா? எந்த மலையில் இருந்தாலும் அவர் பிள்ளை குட்டிகள் நன்றாக இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் முருகனிடம் கேட்டுக்கொள்கிறேன்.

அன்று மாமா மட்டும் சிரிக்கவில்லை. தாஜுவின் ஈர பூட்ஸை மடியில் வைத்து, தன் வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். கூட்டி வந்த சிநேகிதர் இப்படி மானத்தை வாங்கிவிட்டாரே என்று மாமாவுக்கு வருத்தம் போலிருக்கிறது என்று அந்த வயதில் நான் நினைத்துக்கொண்டேன்.