வேலியோரத்துக் கண்வலிக்கிழங்கு

கண்வலிக்கிழங்கை வீட்டில் வைக்காதே என்று என் கணவர் தலைபாடாக அடித்துக்கொண்டார். "பூ அழகுதான். கெழங்கு அத்தனையும் விஷம். ஒனக்கு வேற செடியே கெடைக்கலையா?" நான் கேட்டால்தானே! போர்ட் பிளேர் பக்கம் சௌல்தாரி கிராமத்தில் எங்கள் வீட்டுக்கு மேலே சாலைக்காக மேட்டை வெட்டியபோது மண்ணோடு சரிந்து கிடந்த கிழங்கு அது. தானாக முளைத்த காட்டுச்செடி லாரியில் ஏறிப் போவதைப் பார்க்க மனம் வரவில்லை. கொண்டுவந்து வேலியோரம் நட்டேன்.

மழைக்காலத்தில் இலைநுனியால் கம்பியைச் சுற்றிப் பிடித்து ஏறி, சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்தது. ஜனவரியில் காய்ந்து, இருந்த இடம் தெரியாமல் போயிற்று. கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். அடுத்த மழைக்குத்தான் முளைக்கும். அடையாளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டை ஊன்றினேன். பக்கத்திலேயே சர்க்கரைவள்ளியும் போட்டிருந்தேன், புத்திகெட்டவள்.

மார்ச்சில் ஒருநாள் போர்ட் பிளேர் போய்விட்டு மதியம் திரும்பினால், பாத்தி மொத்தமும் கொத்திக் கிடந்தது. குழாய்த் துண்டைக் காணோம்.

"டாங்க் பைப் ஒடைஞ்சிருச்சு, அந்தக் கொழாத் துண்டை வெட்டி ஒட்டிட்டேன்," என்றார் கணவர். "கெழங்கையும் தோண்டியாச்சு. பாதியை பக்கத்து வீட்டு தீதிக்குக் குடுத்துட்டேன்."

"எதுவரைக்கும் தோண்டுனீங்க?"

"வேலி வரைக்கும்." சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. "அய்யய்யோ, அது அங்கேயா இருந்துச்சு?"

எங்கள் பங்கைக் கூடையோடு தரையில் கொட்டினேன். கலப்பைபோல் வளைந்த கிழங்கு அதில் இல்லை. செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

தீதி வங்காளி; நான் அவளைத் தீதி என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை அவளுக்கு. அடுப்பில் பானை கொதித்தது. குழந்தை கையில் பாதி கடித்த கிழங்கு. பிடுங்கி நானே கடித்துப் பார்த்தேன். இனித்தது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். தெரிந்தே விஷச்செடி வளர்த்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? "கீடா ஹை தீதி, புழு இருக்கு" என்று உளறிவிட்டு, பானையையும் மிச்சக் கிழங்கு இருந்த பையையும் தூக்கிக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றாகப் பிளந்து பார்த்தேன். எல்லாம் சர்க்கரைவள்ளி. அப்படியானால் அது எங்கே?

மூன்று நாள் வேலியோரமே கதி என்று கிடந்தேன். "பாப்பா சாப்பிட்டாளா? வாந்தி கீந்தி இல்லையே?"

"அரே, நீ எப்போ டாக்டர் ஆனே?" என்று சிரித்தாள் தீதி.

எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றார் கணவர். எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. ஆனாலும் அந்தக் குழந்தை ஒரு தும்மல் போட்டால்கூட எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மே மாதம் மழை பிடித்தது. ஒருநாள் காலையில் தீதி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். "அக்கா, ஜல்தி ஆவோ, சீக்கிரம் வா! உன் பூ என் வீட்டுக்கு வந்துடுச்சு!"

அவள் சமையலறைக்குப் பின்னால், குப்பைக்குழியில், இலைநுனி சுருண்ட பச்சைத் தளிர்.

"அன்னிக்கு உன் வீட்டுக்காரர் குடுத்தாரே, அதுல ஒண்ணு ரொம்பக் கோணல்," என்றாள். "பானையில போட்டுட்டேன். மூடி மூடலை. அதான் எடுத்து வீசினேன்."

ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். குழந்தை தளிரைத் தொடக் கையை நீட்டியது.

"தீதி, பாப்பாவைத் தூக்கிக்கோ," என்றேன். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."