பாலைப்பழ ஐஸ்கிரீமும் ஊர் உப்பும்

கொழும்பிலிருந்து திரும்பிய சோலையப்பன் கையோடு கொண்டுவந்த சொத்து, கைப்பிடி போட்டுச் சுற்றுகிற ஒரு ஐஸ்கிரீம் வாளி. அங்கே ஹோட்டலில் அதைச் சுற்றிச் சுற்றியே தோள் இறங்கிப்போனவன். நார்த்தாமலை அடிவாரத்தில் யார் ஐஸ்கிரீம் கேட்டு அழுதார்கள்? கல்லுடைக்கப் போனான். வெயில் காலத்திலும் பாலைக் கட்டியாக உறையவைப்பேன் என்றவனுக்கு ஊர் 'கொழும்புப் புளுகன்' என்று பேர் வைத்தது. அவன் பேச்சை நம்பியவள் பெண்டாட்டி செவந்தி ஒருத்திதான், பாவம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து ஆனியில், பொன்னமராவதியில் காபி கிளப் நடத்தும் ஆண்டியப்பன் இந்த ஊரிலிருந்த தன் அக்கா வீட்டுக் காதுகுத்துக்கு வந்தார். ஐஸ்கிரீம் வாளிப் பேச்சு காதில் விழ, சோலையப்பனைக் கூப்பிட்டுவிட்டார்.

"நாளைக்குச் செஞ்சு காட்டுப்பா. கெட்டியாச்சுன்னா நம்ம கிளப்புலயே இருந்துக்க. கடைசி பஸ்ஸுக்குக் கெளம்பிருவேன்."

கல்தூசியில் இருமல் பிடித்த மனுஷனுக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை என்று செவந்திக்குத் தெரியும். விடியுமுன் காட்டுக்குள் போய் மடி நிறையப் பாலைப்பழம் பறித்து வந்தாள். கொட்டை நீக்கிப் பிசைந்து, காய்ச்சி ஆறிய எருமைப்பாலில் சர்க்கரையோடு கலந்தாள்.

புதுக்கோட்டையிலிருந்து ஐஸ் மத்தியானம் வரவேண்டும். பஸ் வழியில் படுத்துக்கொண்டது. மரத்தூளும் சாக்குமாகச் சுற்றிய கட்டி வந்து இறங்கும்போது வீடுகளில் விளக்கேற்றிவிட்டார்கள்.

சோலையப்பன் பால் ஊற்றிய உள்டப்பாவைச் சுற்றி ஐஸை உடைத்து வாளியில் கொட்டி, குளிர் ஏறுவதற்காக வீட்டுச் சட்டியிலிருந்த உப்பைத் தூவிச் சுற்றினான். கை ஓயச் சுற்றியும் பால் பாலாகவே இருந்தது. கொழும்பில் உப்புப் போட்டவன் வேறு ஆள். சுற்றுவது மட்டுமே இவன் வேலை. ஐஸ் இவ்வளவு உப்புத் தின்னும் என்று மடையனுக்கு அப்போதுதான் உறைத்தது.

செவந்தி பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். "காத்தாயி அக்கா, ஒரு படி உப்பு..."

காத்தாயி பதறிப்போனாள். "வெளக்கு வச்ச பொறவு அந்தப் பேரைச் சொல்லலாமாடி? வீட்டு லட்சுமியவே அள்ளிக் குடுக்கச் சொல்றியே! விடியட்டும், கேட்ட மட்டும் தாரேன்."

கடைக்காரர் சிவசாமியும், "எண்ணெ வேணும்னா வாங்கிக்க ஆத்தா. அது மட்டும் இப்பக் கேக்காத" என்றார். தெரு முழுக்க இதே பதில். செவந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் யாரைத் திட்டுவாள்? விளக்கு வைத்த பிறகு அவளும் இன்றுவரை யாருக்கும் ஒரு கல் உப்புக் கொடுத்ததில்லை.

ஆண்டியப்பன் வந்து ஒரு தம்ளர் குடித்தார். "பாயசம் நல்லாத்தான் இருக்கு" என்றார். கேலியில்லை, மனதாரத்தான் சொன்னார். சோலையப்பனுக்கு அதுதான் தாங்கவில்லை. பஸ் ஹாரன் கேட்டதும் அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

விடிந்ததும் காத்தாயி முறம் நிறைய உப்போடு வந்தாள். பின்னாலேயே தெரு வந்தது. சொன்ன சொல் தவறாத ஜனங்கள்! வாளியில் ஐஸ் கரைந்த தண்ணீர் நின்றது. பக்கத்தில் உப்புக் குவிந்தது.

"போதுமாடி? இன்னுங் கொண்டாரவா?" என்று காத்தாயி ஆசையாகக் கேட்டாள்.

"போதும்க்கா" என்றாள் செவந்தி.

சோலையப்பன் சம்மட்டியை எடுத்துக்கொண்டு கல்லுக்குப் போய்விட்டான். இருமல் அவனைக் கொண்டுபோகும்வரை, அந்த உப்பைத்தான் செவந்தி அவன் கஞ்சிக்குப் போட்டுக் கொடுத்தாள்.