கண்ணாடி மூக்கு

மகள் நெயில் பாலிஷைத் திறந்ததும், வெள்ளத்துக்குப் பிறகு இடித்துவிட்ட எங்கள் சுகர் லேண்ட் வீட்டின் கராஜ் வாசனை வந்தது: சனிக்கிழமை வெயில், முனகும் ஃபேன், விரலில் காய்ந்து உரியும் பசை, சின்ன வயதில் அப்பாவும் நானும் வாரக்கணக்கில் ஒட்டிய போர்க்காலக் குண்டுவீச்சு விமான மாடல். அதன் கண்ணாடி மூக்குக்குள், "இது உன் சீட்" என்று அப்பா சொன்ன இடத்தில், நானென்று ஒரு குட்டி ரெட்டைச் சடைப் பொம்மையை உட்காரவைத்திருந்தேன்.

மாடல் போட்டிக்கு முந்தைய ஞாயிறு, தமிழ்ப் பள்ளியிலிருந்து வந்து பார்த்தால் கண்ணாடியையும் பொம்மையையும் காணோம். அடைத்த கருப்பு மூக்கில் எட்டுத் துப்பாக்கிகள்.

"வேர் டு ஐ சிட், அப்பா?"

"வார்ல இப்படித்தான் கன்வர்ட் பண்ணாங்கம்மா. ஜட்ஜஸ் அதைத்தான் பார்ப்பாங்க. அங்க யாரும் உக்கார மாட்டாங்க."

கோப்பையோடு எடுத்த படத்தில் அப்பா சிரிக்கிறார். பக்கத்தில் மாடலைப் பிடித்திருப்பது நான். எட்டுத் துப்பாக்கிகளும் அவர் பக்கம் திரும்பியிருக்கின்றன.