வளைவில் மட்டும் வந்த சத்தம்

அழகமுத்து கல்மலைத் தோட்டத்து லொறியைப் பத்தொன்பது வருடம் ஓட்டினார். மாத்தளை டவுனிலிருந்து தோட்டம் ஏழு மைல். கடைசி மூன்று மைலும் தோட்டத்துக்குச் சொந்தமான கப்பி ரோடு. பதினொரு வளைவுகள், ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமில்லை. தேயிலைப் பெட்டிகளை ரயில்வே ஸ்டேசனில் இறக்கிவிட்டு, திரும்பி வரும்போது அரிசி, மாவு, உரம் ஏற்றி வருவார். யாரையாவது பாம்பு கடித்தாலும் யாருக்காவது பிரசவ வலி எடுத்தாலும் அதே லொறிதான் ஆஸ்பத்திரிக்குப் போகும். தோட்டத்துப் பிள்ளைகளில் இரண்டு பேர் அந்த லொறியின் பின்தட்டில், சாக்குப் படுக்கையில் பிறந்தவர்கள்.

அவர் அதிகம் பேசமாட்டார். வண்டி ஓட்டும்போது யாரையும் பக்கத்தில் பேசவும் விடமாட்டார். "காது அங்கிட்டு இருக்கணும்" என்பார். கியர் மாறுவதையும், பிரேக் பிடிப்பதையும், எஞ்சின் மூச்சு வாங்குவதையும் அவர் காதாலேயே தெரிந்துகொள்வார். அதனால்தான் அந்தச் சத்தம் அவரை அப்படி அலைக்கழித்தது.

1972 தை மாதத்தில் அது தொடங்கியது. ஸ்டியரிங்கில் ஒரு கடகடப்பு. தகர டப்பாவுக்குள் நாலு கல்லைப் போட்டு ஆட்டினதுபோல. இடது பக்கம் வளைக்கும்போதுதான் வரும். நேர் ரோட்டில் இருக்காது. காதில் கேட்பதற்கு முன்பே உள்ளங்கையில் தெரியும்.

அதே மாதம்தான் அவருக்கும் மனைவி கமலாட்சிக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. இலங்கை, இந்திய அரசாங்கங்கள் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, தோட்டத்து ஆட்களில் ஒரு பகுதியினர் இந்தியாவுக்குப் போக வேண்டும், மற்றவர்கள் இங்கேயே பிரஜைகளாகலாம். லயத்து வீடுகளில் எல்லாரும் எழுதிப் போட்ட காலத்தில் அழகமுத்துவும் இந்தியாவுக்கு எழுதிப் போட்டிருந்தார். அப்போது மகள் இலட்சுமி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். பிறகு அவளுக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை செய்த இராமசாமிக்கும் கல்யாணம் நடந்தது. இராமசாமியின் குடும்பம் இங்கேயே இருக்க மனுப்போட்டு, பிரஜாவுரிமையும் கிடைத்துவிட்டது. இலட்சுமியின் பெயர் புருஷனோடு சேர்ந்துகொண்டது. அழகமுத்துவுக்கு உயிரோடு மிஞ்சிய ஒரே பிள்ளை அவள். இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

கப்பலுக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தபோது இன்னும் ஐந்து வாரம் இருந்தது. நாளைத் தள்ளிப்போட முடியாது என்று தோட்டத்து ஆபீசில் சொல்லிவிட்டார்கள். லொறியை இனி ஓட்டப்போவது இராமசாமி. அவனுக்கு லைசென்ஸ் இருந்தது; தோட்டத்துத் துரையும் சம்மதித்திருந்தார்.

"மாப்புள, இந்தச் சத்தத்தோட ஒங்க கையில வண்டியக் குடுக்க மாட்டேன்" என்றார் அழகமுத்து. "அது எங்கேருந்து வருதுன்னு பாத்துட்டுத்தான் போவேன்."

மாத்தளையில் அப்துல் ஸமத் நானாவின் கராஜுக்கு முதலில் கொண்டுபோனார். ஸமத் நானா முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரச் சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். சில்லு திரும்புகிற கிங்பின் புஷ் தேய்ந்திருந்தது. புதுச் சாமான் எங்கும் கிடைக்காத காலம் அது. உடைத்துப் போட்ட ஒரு லொறியிலிருந்து கழற்றி, கடைந்து, பொருத்திக் கொடுத்தார். இரண்டு நாள் சத்தம் இல்லை. மூன்றாம் நாள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நாலாவது வளைவில் திரும்பும்போது மறுபடி கடகடத்தது.

அடுத்த வாரம் ஸ்டியரிங் கம்பிகளின் மூட்டுகளை இறுக்கினார்கள். பிறகு ஸ்டியரிங் பெட்டியைத் திறந்து, பல்லுகளை நெருக்கி வைத்தார்கள். ஸ்டியரிங் இறுக்கமானதுதான் மிச்சம். சத்தம் போகவில்லை.

ஸமத் நானா கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அழகமுத்து, நான் தேடாத எடமில்ல. ஜாக்கியில ஏத்தினா ஒண்டும் ஆடுதில்ல. கெழட்டு வண்டி, கொஞ்சம் மொனகும். நீங்க போற மனுசன், இத ஏன் தலையில போட்டுக்கொள்றீங்க?"

"நான் போறேன் நானா. என் புள்ள இங்கதான இருக்கா."

ஸமத் நானா தேநீர் வரவழைத்தார். இருவரும் குடித்தார்கள்.

வீட்டில் கமலாட்சி எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் ஒரே டிரங்குப் பெட்டியை நாலைந்து தரம் அடுக்கிக் கலைத்தாள். இலட்சுமி தினமும் வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். "ஸ்டேசன் வரைக்கும் நானும் லொறியில வருவேன். ரயிலு பொறப்படுற வரைக்கும் ஒங்க கையப் புடிச்சுக்கிட்டு நிப்பேன்" என்று அவள் பல தடவை சொல்லிவிட்டாள். அந்த ஒரு காட்சியை நினைத்துத்தான் மூன்று பேரும் மற்ற நாட்களைக் கடத்தினார்கள்.

கடைசி வாரத்தில் அழகமுத்துவுக்கு ஒரு விஷயம் மனதில் பட்டது. காலி வண்டியாக இறங்கிய நாட்களில் சத்தம் வரவில்லை. பாரம் ஏற்றிய நாட்களில்தான் வந்தது. கராஜில் ஒவ்வொரு தடவையும் ஜாக்கியில் தூக்கித்தான் பார்த்திருந்தார்கள். பாரம் சில்லில் இல்லாதபோது ஆடாத ஏதோ ஒன்று, பாரம் இறங்கும்போது ஆடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயில். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் ஸ்டோர் முன்னால் இருந்த சமதரையில் லொறியை நிறுத்தி, உரமூட்டைகளை நிறைய ஏற்றச் சொன்னார். இராமசாமியை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார்.

"நான் சொல்லும்போது இடது பக்கம் ஒடிங்க. அப்புறம் வலது. மெதுவா."

அவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். ஒவ்வொரு மூட்டாகக் கையை வைத்துப் பொத்திப் பிடித்தார். "ஒடிங்க." ஒன்றுமில்லை. அடுத்த மூட்டு. "ஒடிங்க." ஒன்றுமில்லை. அரைமணி நேரம் அப்படிப் போனது. கடைசியில் ஸ்டியரிங் பெட்டியையே கையால் அணைத்துப் பிடித்தபோது அது உள்ளங்கைக்குள் அசைந்தது. அசையவே கூடாத பெட்டி அது. வண்டியின் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கியது.

போல்ட் தளர்ந்திருக்கும் என்று ஸ்பேனரை வைத்துப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. மண்ணெண்ணெய்த் துணியால் வருடக்கணக்கான கிரீஸையும் சேற்றையும் துடைத்தார். அப்போது தெரிந்தது. போல்ட் ஓட்டையிலிருந்து சட்டத்தின் இரும்பு கீழ்நோக்கி வெடித்திருந்தது. தலைமுடி அளவுக் கீறல். ஆனால் விளிம்பைத் தொட இன்னும் ஒரு விரல் அகலம்தான் மீதி. இராமசாமி ஸ்டியரிங்கை ஒடித்தபோது அந்தக் கீறல் வாய் திறந்து மூடியது. அதுதான் சத்தம்.

விளிம்பு விட்டுப்போனால் பெட்டி கழன்றுவிடும். பிறகு ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் சில்லு கேட்காது. கப்பி ரோட்டில் அது எங்கே போய் முடியும் என்பதை அவர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

துரையிடம் போய்ச் சொன்னார். வெல்டிங் செய்கிறவர் திங்கட்கிழமைதான் டவுனிலிருந்து வரமுடியும் என்று துரை விசாரித்துச் சொன்னார். பிறகு கொஞ்சம் இரக்கத்தோடு, "டிரைவர், இவ்வளவு நாளா ஓடிச்சுதானே. ஞாயித்துக்கெழமை ஒங்க மருமகன் ஒங்க ஆக்களை மட்டும் மெல்லக் கொண்டுபோய் விட்டுட்டு வரட்டும். பொறகு செய்வோம்" என்றார்.

"வேணாங்க தொர" என்றார் அழகமுத்து.

திரும்பி வந்து, ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சில்லுக்குப் போகும் நீளக் கம்பியைக் கழற்றினார். அதை ஆபீசில் வைத்து, வெல்டிங் முடிகிறவரை யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இனி யார் மனம் மாறினாலும் வண்டி நகராது. அவருடைய மனமும் அதில் சேர்த்தி.

சாயந்தரம் இலட்சுமியிடம் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை.

"ஒரு தடவைதானப்பா. நீங்களே ஓட்டுங்க. நடக்குற மாதிரி மெதுவா ஓட்டுங்க."

"இருவது பேரு ஏறுவாங்கம்மா. வயித்துல புள்ளயோட நீ ஒக்காந்திருப்ப. எறக்கத்துல அது விட்டுப்போச்சுன்னா மெதுவா போனாலும் வேகமா போனாலும் ஒண்ணுதான்."

"அப்ப நான் எப்புடி வர்றது?"

பஸ் நிற்கிற இடம் கீழே, மூன்று மைலுக்கு அப்பால். எட்டு மாத வயிற்றோடு அந்த இறக்கத்தில் நடக்கவே கூடாது என்று டிஸ்பென்சரி மருத்துவிச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். டவுனிலிருந்து காரைக் கூப்பிடலாமா என்று இராமசாமி போய்ப் பார்த்தான். மழையில் கரைந்து கிடந்த அந்த ரோட்டில் ஏற எந்தக் கார்க்காரரும் ஒப்பவில்லை.

"ஒங்களுக்கு என்னவிட அந்த வண்டிதான் பெருசு" என்று சொல்லிவிட்டு இலட்சுமி எழுந்து தன் வீட்டுக் காம்பராவுக்குப் போனாள். சனிக்கிழமை முழுதும் அவள் வரவில்லை. கமலாட்சி இரண்டு தரம் போய்க் கூப்பிட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினாள்.

ஞாயிறு விடிந்தது. சாமான்களை ஆட்கள் தலையில் சுமந்துகொண்டார்கள். லயத்து வாசலில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். இலட்சுமி அப்போதுதான் வந்தாள். அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். குனிந்து காலைத் தொட வயிறு விடவில்லை. அழகமுத்து அவள் தலையில் கையை வைத்தார்.

அவள் முதல் வளைவு வரை அவர்களுடன் நடந்தாள். அதற்கு மேல் மருத்துவிச்சி அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். கீழே ரோடு மடிந்து மடிந்து போகிறபடியால், இரண்டாவது வளைவிலும் மூன்றாவது வளைவிலும் நிமிர்ந்து பார்த்தால் மேலே அவள் தெரிந்தாள். நாலாவது வளைவுக்குப் பிறகு தெரியவில்லை. "அப்பா" என்று ஒரு கூப்பாடு மட்டும் கேட்டது. அழகமுத்து நின்றார். திரும்பி ஏறிவிடுவார் என்று இராமசாமி நினைத்தான். ஆனால் நேரம் இல்லை. ரயிலைத் தவறவிட்டால் கப்பலும் போய்விடும்.

மாத்தளை ஸ்டேசனில் மற்ற தோட்டத்து ஆட்கள் ஜன்னல்களைப் பிடித்துக்கொண்டு, ரயில் நகரும்போதும் கையை விடாமல் ஓடினார்கள். கமலாட்சியின் ஜன்னலுக்கு வெளியே மருமகன் ஒருவன்தான் நின்றான். தலைமன்னாரில் கப்பலேறிய பிறகு அவள் கணவனைக் கேட்டாள்.

"நெசமாவே மெதுவா ஓட்டியிருக்க முடியாதாங்க?"

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு, "தெரியல புள்ள" என்றார்.

நீலகிரியில் கூடலூர் பக்கம் அரசாங்கம் புதிதாகப் போட்ட தேயிலைத் தோட்டத்தில் அவர்களுக்கு வேலை கிடைத்தது. இலங்கை லைசென்ஸ் அங்கே செல்லவில்லை. பத்தொன்பது வருட டிரைவர் ஐம்பத்திரண்டாவது வயதில் குழிவெட்டிக் கன்று நட்டார்.

மூன்றாம் மாதம் இராமசாமியின் கடிதம் வந்தது. பெண் குழந்தை, சுகப்பிரசவம். வெல்டிங் செய்தவர் கீறலைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒன்றிரண்டு நடைதான் தாங்கியிருக்கும் என்று சொன்னாராம். இப்போது லொறி சத்தமில்லாமல் ஓடுகிறது. "நீங்கள் எங்களைக் காப்பாற்றினீர்கள் மாமா" என்று எழுதியிருந்தான். இலட்சுமி ஒரு வரியும் எழுதவில்லை.

அவளுடைய கையெழுத்தில் முதல் கடிதம் வர இரண்டு வருடமானது. "நீங்கள் செய்தது சரிதான் என்று எனக்கு அப்போதே தெரியும் அப்பா. தெரிந்தும் அந்தச் சனிக்கிழமையை வீணாக்கிவிட்டேன். ஒரு நாள் முழுக்க உங்கள் பக்கத்தில் இருந்திருக்கலாம். லொறி நின்றதை நான் மறந்துவிட்டேன். இதை மறக்க முடியவில்லை."

கமலாட்சிக்கு எழுத்துத் தெரியாது. அவர் வாசித்துக் காட்டினார். அவள் கடிதத்தை வாங்கி, மடித்துத் தலையணைக்குள் வைத்துக்கொண்டாள். பேத்தியைப் பார்க்கப் போகவேண்டும் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வாள். விசாவும் கிடைக்கவில்லை, வழியும் அமையவில்லை. 1977இல் காய்ச்சல் வந்து ஒன்பதாம் நாள் இறந்துபோனாள். செய்தி கல்மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது.

அதன் பிறகு அழகமுத்து மாதம் ஒரு கடிதம் மகளுக்கு எழுதினார். மழை, கொழுந்து, குழந்தையின் படிப்பு என்று எல்லாவற்றையும் விசாரிப்பார். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி மட்டும் அவர் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை.