தாதா இல்லாத நாளில் அறுந்த செயின்கள்

செயின் அறுந்து வருகிறவருக்கு அவசரம், மாட்டுகிறவருக்குக் கை கறுப்பு. எங்கள் தொழில் இவ்வளவுதான்.

கொல்கத்தா பெஹாலாவில் எங்களுக்குச் சின்ன சைக்கிள் ரிப்பேர் கடை. என் வீட்டுக்காரர் மழையில் வழுக்கி விழுந்து, வலது கையில் மாவுக்கட்டு. ஒன்றரை மாதம் கடையை மூடினால் வாடிக்கையெல்லாம் அடுத்த தெருவுக்குப் போய்விடும். அதனால் பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு நான் உட்கார்ந்தேன். பார்த்துப் பார்த்துக் கை பழகியிருந்தது. வாய்தான் பழகவில்லை. புது ஆளைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். உங்களில் பாதிப்பேருக்கும் அப்படித்தானே?

முதுகைக் காட்டியவர்

வருகிறவர்கள் எல்லாம், "தாதா இல்லையா? அப்ப அப்புறம் வர்றேன்" என்று போய்விடுவார்கள். பயப்படாதீர்கள், இங்கே தாதா என்றால் அண்ணன்.

ஒருவர் மட்டும் கியர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, தாதா வரட்டும் என்று எதிர் டீக்கடை பெஞ்சில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "நானே மாட்டுவேன்" என்று சொல்ல வாய் வரவில்லை. பேசாமல் அறுந்ததைக் கழற்றி, புதுச் செயினை மாட்டி, எண்ணெய் விட்டுத் துடைத்து வைத்தேன். இரண்டாவது டீயை முடித்துவிட்டு வந்தவர் செயினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார்.

"தாதா எப்ப வந்துட்டுப் போனார்? நான் பாக்கவே இல்லையே!"

பாலத்தில் நின்ற நாலு கண்ணி

அடுத்து வந்தவர் ஒரு பேங்க் ஆபீசர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கியர் சைக்கிளில் கிளம்பும் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். அவர் போனால் கூட்டமே போகும். அந்தப் பயத்தில் ஒன்றும் விசாரிக்காமல், அறுந்த செயினைத் தரையில் நீட்டி, பக்கத்தில் புதுச் செயினை வைத்து, அதே அளவுக்கு வெட்டி மாட்டினேன்.

தெருமுனையில் பெரிய பல்சக்கரத்துக்குக் கியரை மாற்றியதும் செயின் கம்பி மாதிரி விறைத்து, பெடல் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டே திரும்பி வந்தார். அறுந்த இடத்திலேயே ஒரு துண்டு விழுந்துவிட்டதாம். அது தெரியாமல் மிச்சத்தை அளந்திருக்கிறேன். வேறு செயின் மாட்டிக் கொடுத்தேன். குட்டைச் செயின் ஆணியில் தொங்கி தினமும் என் மானத்தை வாங்கியது. அவர் கோபிக்கவில்லை.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே பௌதி, நாலு கண்ணி மேம்பாலத்துல கிடக்குன்னு."

பௌதி என்றால் அண்ணி.

பொட்டு வைத்த கருவிகள்

நம் ஆயுத பூஜை போல இங்கே விஸ்வகர்மா பூஜை. ஸ்பேனர் முதல் செயின் கட்டர் வரை கழுவி, பொட்டு வைத்து, சாமி முன்னால் வைத்தாயிற்று. மறுநாள் வரை தொடக் கூடாது. அன்றைக்குப் பார்த்து அதே ஆபீசர் மனைவியோடு வந்தார். அந்த அம்மாவின் சைக்கிளில் செயின் அறுந்துவிட்டது. மறுநாள் காலை கூட்டத்தோடு நியூ டவுனுக்கு அந்த அம்மா போகும் முதல் பயணம்.

"நாளைக்கு வரச் சொல்லு புள்ள" என்று உள்ளேயிருந்து வீட்டுக்காரர் குரல்.

அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. ஏற்கெனவே ஒருமுறை சொதப்பியவள் நான். இதுவும் போனால் அவ்வளவுதான். சைக்கிளைப் பார்த்தேன். முன்னால் ஒரே ஒரு சின்னப் பல்சக்கரம், நீளச் செயின் தேவையில்லை. ஆணியிலிருந்த குட்டைச் செயினை எடுத்துச் சுற்றினேன். அளவெடுத்த மாதிரி இருந்தது! இரண்டு நுனியையும் சேர்க்கிற லாக்கை விரலாலேயே கோத்து, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை ஒரு மிதி. டக்! ஒரு கருவியையும் தொடவில்லை. வீட்டுக்காரர் வெளியே வந்து சாமியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உன் கைக்கு நான் பொட்டு வைக்கல புள்ள, அதனால தப்பில்ல."

கட்டு பிரித்த பிறகு

மாவுக்கட்டு பிரித்த முதல் ஞாயிறு. வீட்டுக்காரர் பெருமையாக முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். ஆபீசர் கூட்டம் வந்து நின்றது. ஒருவர் கையில் அறுந்த செயின் தொங்கியது. ஆபீசர் என் வீட்டுக்காரரின் தோளுக்கு மேலே கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"பௌதி இல்லையா? அப்ப அப்புறம் வர்றோம்."

எப்படியோ கடை மூடாமல் தப்பித்தது. எதிர் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிற முறைதான் இப்போது என் வீட்டுக்காரருக்கு வந்திருக்கிறது.