சிவப்பு வட்டம் போட்ட படங்கள்

எங்கள் கடையில் ஸ்டூல் இருந்தது. அதில் உட்காரக் கூடாது, அவ்வளவுதான்.

நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்ததும் முதலாளி ஆளுக்கொரு ஸ்டூல் வாங்கிப் போட்டார். நாள் முழுக்க அதன் பக்கத்திலேயே நிற்போம். ஈ காக்கை வராத மத்தியான வேளையிலும் நிற்போம். யாராவது சற்று உட்கார்ந்தால், தன் அறையில் கேமராத் திரையின் முன்னால் இருக்கும் மேனேஜர் அதைப் படம் பிடித்து, உட்கார்ந்தவளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிடுவார். 'கல்யாண வீட்டுக்கு வந்திருக்கிறாயா?' என்று கீழே ஒரு வரி. சுழல் நாற்காலியில் சாய்ந்துகொண்டுதான் இதையெல்லாம் செய்வார். எனக்கும் வட்டம் விழுந்திருக்கிறது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நாலு கேள்வி கேட்கத் தோன்றும். வாயை மூடிக்கொண்டு எழுந்து நிற்பேன்.

முன்பு யாரோ புகார் சொல்லி ஓர் அதிகாரி வந்தார். மேனேஜர் ஸ்டூல்களைக் காட்டினார். “உட்கார விடுகிறார்களா?” என்று அதிகாரி எங்களைக் கேட்டார், மேனேஜரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே! எல்லோரும் தலையாட்டினோம். அவர் போய்விட்டார்.

பிளவுஸ் துணிப் பிரிவில் குளச்சல்காரி ஒருத்தி இருந்தாள். ஐந்து மாதக் கர்ப்பம். கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. ஒருநாள் உட்கார்ந்துவிட்டாள். வட்டம் வந்தது. கூடவே, 'நிற்க முடியாதவர் அடுத்த மாதம் முதல் வரவேண்டாம்' என்றும் வந்தது.

சாப்பாட்டு அறையில் பாத்திரத்தைத் திறக்காமலேயே அழுதாள்.

“மாப்பிளைக்கு இப்பம் கடல்ல ஒண்ணும் கெடைக்கல்ல. இந்த வேலையும் போச்சுன்னா என்ன செய்வேன் அக்கா?”

“அழாதட்டி. புகார் குடுப்போம்.”

“சாட்சி கேப்பாங்களே. யாரு வந்து சொல்லுவா?”

அவள் சொன்னது சரிதான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்த மனுஷன் என்னதான் எழுதியிருக்கிறான் என்று மறுபடி பார்க்கக் குழுவைத் திறந்தேன். விரல் மேலே மேலே தள்ளிக்கொண்டு போனது. வட்டம், வட்டம், எங்கு பார்த்தாலும் வட்டம். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் கேமராவே போட்ட தேதி, நேரம். மேலே மேனேஜரின் சொந்த எண். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் மிரண்டுபோய்ப் பார்த்தாள்.

“ஏட்டி, வேற சாட்சி எதுக்கு? உக்காரவிடல்லன்னு அவரே படம் எடுத்து அனுப்பியிருக்காரு, கேட்டியா!”

படத்தில் இருக்கும் பெண்களிடம் ஒவ்வொருவராகச் சம்மதம் கேட்டேன். பயப்படுவார்கள் என்று நினைத்தேன். “எனக்க படத்தையும் சேருங்க அக்கா, அதுல என்னைப் பாத்து எல்லாரும் சிரிச்சாங்க,” என்றாள் ஒருத்தி. சுடிதார் பிரிவுக்காரி, நான் வேலைக்குச் சேரும் முன்பே வந்து, அவள் அழித்துவிட்ட தன் படத்தை, அன்று அதை அனுப்பியிருந்த தங்கையின் ஃபோனில் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் என் ஃபோனில் பத்திரப்படுத்திவிட்டு, தொழிலாளர் அலுவலகத்துக்கு அதிலிருந்தே புகார் அனுப்பினேன். அனுப்பும்போது பயமாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்?

இந்த முறை ஒரு பெண் அதிகாரி வந்தார். மேனேஜர் பழைய பாட்டையே பாடினார்.

“எல்லாருக்கும் ஸ்டூல் போட்டிருக்கோம் மேடம்.”

“பார்த்தேன். படத்திலயும் பார்த்தேன்,” என்று அவர் தன் ஃபோனை நீட்டினார்.

மேனேஜரின் முகம் பேயறைந்தது போலாகிவிட்டது. அதிகாரி குளச்சல்காரியின் படத்தில் நிறுத்தினார். கர்ப்பிணியை வேலையை விட்டு அனுப்பினால் என்ன ஆகும் என்று முதலாளியை வரவழைத்து எங்கள் முன்னாலேயே விளக்கினார். முதலாளி வியர்த்துப்போய், அவள் வேலைக்கு எந்தக் குறையும் வராது என்று எழுதிக் கொடுத்தார்.

“நீங்க உட்காருங்கம்மா,” என்றார் அதிகாரி.

அவள் கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். வரிசையாக எல்லோரும் உட்கார்ந்தோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் பயந்தது இந்த மேனேஜருக்கா என்று இருந்தது.

பிரசவ விடுப்பு வரை அவள் உட்கார்ந்துதான் துணி வெட்டினாள். விஷயம் தெருவெல்லாம் பரவிவிட்டது. போன வாரம் எதிர்க்கடைப் பெண்கள் இரண்டு பேர் பஸ் நிறுத்தத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

“அக்கா, எங்க ஆளு படம் ஒண்ணும் அனுப்ப மாட்டாரு. வாயாலதான் ஏசுவாரு. நாங்க என்ன செய்ய?”

“ஃபோனைக் கொண்டா மக்கா,” என்றேன். “பேச்சைப் பதியிறது எப்படின்னு காட்டித் தாறேன்.”